வேலையை மட்டும் கொடுத்தால் போதாது

மதுரையில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் கலைஞர் குழுவை நடத்தும் பொறுப்பு சித்திரைத் திருவிழாவோடு கைமாறிவிட்டது. தொடங்கிய நாள் முதல் நடத்திவந்தவர் ஒரு ஸ்டுடியோக்காரர். சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். தை மாதக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது, "அழகர் ஆத்துல இறங்கி மலைக்குத் திரும்புறவரைக்கும் நான் பாக்குறேன். அப்புறம் நீங்க யாராச்சும் எடுத்துக்கங்க" என்றார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதமும் அதையே சொன்னார். அப்போதுதான் அவர் முடிவெடுத்துவிட்டார் என்று புரிந்தது.

எங்களைப் போல ஊருக்கு ஊர் குழுக்கள் இருக்கின்றன. எல்லாம் யாரோ ஒருவருடைய உழைப்பில், ஒருவருடைய போனில், ஒருவருடைய ஞாபகத்தில் ஓடுகின்றன. அவர் ஓய்ந்துபோகும்போது பெரும்பாலும் குழுவும் ஓய்ந்துவிடுகிறது. எங்கள் குழு அப்படி ஆகவில்லை. இந்தச் சில மாதங்களில் எதைச் சரியாகச் செய்தோம், எதில் இழுபறி வந்தது என்று எழுதிவைத்தால் வேறு ஊர்க்காரர்களுக்கும் பயன்படும்.

முதலில் குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டவுன் ஹால் ரோடு பக்கம் ஓர் அச்சகத்தின் மாடிதான் எங்கள் இடம். ஓவியர்கள், போட்டோ எடுப்பவர்கள், குறும்படம் எடுப்பவர்கள், கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர்கள், மேக்கப் போடுபவர்கள், பள்ளி ஓவிய ஆசிரியர்கள், கதை எழுதுபவர்கள், பறை இசைப்பவர்கள் என்று கலந்து கட்டிய கூட்டம். யாராவது ஒருவர் தன் வேலையைக் காட்டிப் பேசுவார். அப்புறம் டீ. உண்மையான கூட்டம் அந்த டீ நேரத்தில்தான் நடக்கும். "உங்களுக்குத் தெரிஞ்ச எடிட்டர் யாராச்சும் இருக்காங்களா?", "அட்டைக்குக் கோட்டோவியம் போட ஆள் வேணும்" என்று பேச்சு ஓடும். நான் புத்தக அட்டை வரைகிறவன். என் கைக்கு வந்த வேலைகளில் பாதிக்கு மேல் அந்த டீ கிளாஸ் வழியாக வந்தவைதான்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். சுவரில் விளம்பரம் எழுதும் ஆர்ட்டிஸ்ட் ஒருவர் எங்களோடு இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஃபிளெக்ஸ் வந்த பிறகு அவருடைய தொழில் படுத்துவிட்டது. லாரிக்கும் ஆட்டோவுக்கும் நம்பர் எழுதிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு கூட்டத்தில் அண்ணன் அவரை மைக் பிடிக்கச் சொல்லவில்லை. மொட்டைமாடிச் சுவரைக் காட்டி, "ரெண்டு எழுத்து எழுதிக் காட்டுங்கண்ணே, போதும்" என்றார். அவர் சாக்பீஸ் பொடி தேய்த்த நூலை ஒரு முனையில் ஒரு பையனைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையைத் தான் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினார். சுவரில் பளிச்சென்று ஒரு நேர்கோடு. அதற்குக் கீழே இன்னொன்று. பிறகு தட்டைப் பிரஷ்ஷை எடுத்து 'ழ' எழுதினார். பிரஷ்ஷை எங்கே படுக்கவைக்கிறார், எங்கே நிமிர்த்திக் கூர்மையாக்குகிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அடியில் வளைந்து போகும் அந்தச் சுழிவை ஒரே இழுப்பில் முடித்தார். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு வடிவமைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அதைப் போனில் படம் பிடித்தாள். அடுத்த வாரமே அவருடைய வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். இன்று அண்ணா நகரில் ஒரு காபிக் கடையின் உள்சுவர் முழுக்க இருப்பது அவருடைய எழுத்து. அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவள் அந்தப் பெண்தான். அவள் செய்த எழுத்துருவில் இருப்பது அவரிடம் கற்ற சுழிவு.

இதை எந்த விளம்பரமும் செய்திருக்க முடியாது. அவருக்கு மேடைப் பேச்சு வராது, சுவரைக் கொடுத்தால் பேசுவார் என்று தெரிந்த ஒருவர் அங்கே இருந்ததால் நடந்தது. கைமாற்றத்தில் எனக்கு இருந்த ஒரே பயம் இதுதான். நாற்காலியையும் புரொஜெக்டரையும் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். இந்தத் தெரிதலை எப்படி வாங்குவது?

அண்ணன் விலகப்போகிறார் என்று வெளியே தெரிந்ததும் ஒரு நிறுவனம் ஆள் அனுப்பியது. வாடகைக்கு மேசை கொடுக்கும் அலுவலகம் நடத்துகிறார்கள். ஏசி ஹால், காபி, பெரிய திரை எல்லாம் இலவசம், குழுவை நாங்களே நடத்திக்கொள்கிறோம், உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது என்றார்கள். பேனரில் தங்கள் நிறுவனத்தின் பெயர் மட்டும் பெரிதாக இருக்கட்டும் என்றார்கள். எங்களில் சிலருக்கு ஆசை வந்தது உண்மை. சித்திரை வெயிலில் மாடி அறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த ஆசை நியாயமாகவே தெரியும். ஆனால் வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "மொத்தம் எத்தனை நம்பர் இருக்கு, லிஸ்ட் கிடைக்குமா?" என்பது. யார் என்ன வரைகிறார்கள், யாருக்கு என்ன வேலை வேண்டும் என்று கடைசிவரை அவர் கேட்கவே இல்லை.

எனக்கு அங்கேயே விட்டுப்போயிற்று. கூட்டத் தகவல் வரட்டும் என்று நம்பி ஒருவர் தன் நம்பரைத் தருகிறார். அதை வேறொரு வியாபாரத்துக்குத் தூக்கிக் கொடுக்க நமக்கு என்ன உரிமை? தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும், எதற்காகத் தகவல் வாங்கப்பட்டதோ அதற்குத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது சாதாரண மரியாதை. அண்ணன் அவருக்கு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவைத்தார்.

பொறுப்பை எடுத்துக்கொள்ள முன்வந்தவர்கள் மூன்று பேர். எழுத்துரு செய்யும் அந்தப் பெண், கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு தம்பி, அரசுப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் ஓர் அக்கா. மூவரும் கூட்டம் முடிந்ததும் முதலில் கிளம்பிப் போகிற ஆட்கள் இல்லை. விளக்குமாறு எடுத்தவர்கள், டீ கிளாஸ் கழுவியவர்கள். பொறுப்புக்கு ஆள் தேடுகிற எந்தக் குழுவுக்கும் நான் சொல்வது இதுதான்: பேச்சுத் திறமையைப் பார்க்காதீர்கள். கூட்டம் கலைந்த பிறகு அரைமணி நேரம் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

இந்த நேரத்தில்தான் எனக்குச் சோழமண்டலம் ஞாபகம் வந்தது. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஓவியர் கிராமம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் தொடங்கியது. கல்லூரி முடித்து வெளியே வருகிற நல்ல ஓவியர்கள் பிழைப்புக்காக ஏதோ ஒரு வேலைக்குப் போய் வரைவதையே விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய கவலை. அதற்கு அவர் கண்ட வழி, கைவினைப் பொருள் செய்து வயிற்றைப் பார்த்துக்கொள்வது, மீதி நேரத்தில் யாருக்கும் கட்டுப்படாமல் வரைவது. மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிகள் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் 1966-இல் கடலோரம் நிலம் வாங்கினார்கள். சுமார் 30 கலைஞர்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் மணலும் சவுக்கும்தான்.

பணிக்கர் 1977-இல் காலமானார். அதோடு எல்லாம் முடிந்திருக்கலாம். எத்தனையோ இடங்களில் அப்படித்தான் முடிந்தது. இங்கே முடியவில்லை. அவருடைய மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபால் கிராமத்தை நடத்தும் கலைஞர் சங்கத்தின் பொறுப்பில் நீண்ட காலம் இருந்தார். 2009-இல், பணிக்கரும் சக கலைஞர்களும் வளர்த்த சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகளுக்கென்று அங்கேயே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2017-இல் நந்தகோபாலும் காலமானார். இன்றைக்கும் போனால் காட்சிக்கூடம் திறந்திருக்கிறது, தோட்டத்தில் சிற்பங்கள் நிற்கின்றன.

மகன் வந்ததால் பிழைத்தது என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. பணிக்கர் உயிரோடு இருக்கும்போதே நிலம் அவருடைய கையில் இல்லை. ஆளுக்கொரு மனை, பொது இடம் சங்கத்துக்கு என்று பிரித்திருந்தார்கள். வீட்டைக் கட்டியவன் கலைஞன், தன் காசில் கட்டினான். குருவிடம் கேட்டுத்தான் ஜன்னல் வைக்க வேண்டும் என்று இருந்தால் குரு போனபின் அந்த வீட்டில் யார் இருப்பார்கள்? உரிமையை முன்கூட்டியே கொடுத்துவிட்டதால் அவர் போனபிறகும் அங்கே இருக்க எல்லோருக்கும் காரணம் இருந்தது. அந்த ஏற்பாட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. மனை சட்டப்படி பிள்ளைகளுக்குப் போகும், பிள்ளை ஓவியராக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. எங்கள் குழுவுக்குச் சொத்து எதுவும் இல்லாதது இந்த ஒரு விஷயத்தில் நல்லதுதான்.

சொத்து இல்லாத குழுவில் உரிமை எங்கே இருக்கிறது? எந்தத் தேதி வைப்பது, யாரைப் பேசவைப்பது, யாருக்குப் பணம் கொடுப்பது, யாரை வெளியே போகச் சொல்வது என்று முடிவெடுப்பதில் இருக்கிறது. நான் பார்த்த பல கைமாற்றங்களில் மூத்தவர்கள் வேலையைக் கொடுத்துவிட்டு இந்த உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொள்கிறார்கள். "நீங்க நடத்துங்கப்பா, நான் சும்மா பின்னாடி இருக்கேன்" என்பார்கள். பின்னால் இருப்பவர் இருமினால்கூட முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இளையவர்கள் நாற்காலி போடுவார்கள், ஹாலுக்கு வாடகை கட்டுவார்கள், மெசேஜ் அனுப்புவார்கள். ஒரு பெயரை மாற்ற வேண்டுமென்றால் போன் போட்டு அனுமதி கேட்பார்கள். ஒரு வருஷத்தில் சலித்துப்போய் விலகிவிடுவார்கள். அப்போது மூத்தவர், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு இல்லை" என்பார். பொறுப்பு அவர்களிடம் கொடுக்கப்படவே இல்லை என்பது யாருக்கும் தோன்றாது.

அண்ணன் இதை எப்படியோ புரிந்துவைத்திருந்தார். மாசி மாதத்தில் ஒருநாள் ஸ்டுடியோவில் மூவரையும் உட்காரவைத்தார். நானும் இருந்தேன். ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். முன்பக்கத்திலிருந்து வரவு செலவு. பின்பக்கத்திலிருந்து ஆட்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலில் இரண்டு வரி. "பகலில் போன் எடுக்க மாட்டார், ராத்திரி ஷிப்ட்." "அட்வான்ஸ் வாங்கித் தந்துவிட்டுத்தான் வேலைக்கு அனுப்ப வேண்டும், கேட்க மாட்டார்." "இவங்க வீட்டில் எட்டு மணிக்குள் திரும்பணும், முதலில் பேசவிடவும்." "இவரும் அவரும் பேசிக்கொள்வதில்லை, பக்கத்தில் உட்காரவைக்க வேண்டாம்." அச்சக வாட்ச்மேனுக்குப் பொங்கலுக்கு என்ன கொடுப்பது வழக்கம் என்பதுவரை இருந்தது. நான் பயந்த அந்தத் தெரிதல் பென்சில் எழுத்தில் கிடந்தது. முழுவதும் எழுத்தில் வராதுதான். அதனால் அடுத்த இரண்டு மாதமும் மூவரில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொருவர் வீட்டுக்கும் கடைக்கும் போனார். "இனிமே இவங்கதான், என்னன்னாலும் இவங்ககிட்ட கேளுங்க" என்று நேரில் சொன்னார். சுவர் ஆர்ட்டிஸ்ட் வீட்டில் மட்டும், "எனக்கு அந்தப் பிள்ளையை உங்களுக்கு முன்னாடியே நல்லாத் தெரியுமே" என்று பதில் வந்தது.

பணம் கொஞ்சம் சிக்கலாக இருந்தது. கூட்டத்தில் வைக்கும் உண்டியல் போக, ஜிபேயில் வருவதெல்லாம் அண்ணனுடைய சொந்தக் கணக்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒரு பைசா பிசகாமல் எழுதிவைத்திருக்கிறார், சந்தேகமே இல்லை. ஆனால் இன்னொருவர் கைக்குப் போகும்போது அதே ஏற்பாடு தொடரக் கூடாது என்று ஓவிய ஆசிரியை அக்கா உறுதியாக நின்றார். நாளைக்கு ஒரு சண்டை வந்தால் நோட்டு பேசாது, வங்கிக் கணக்குதான் பேசும் என்றார். அவர் சொன்னதுதான் சரி. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் கையெழுத்துப் போட்டு மாவட்டப் பதிவாளரிடம் சங்கத்தைப் பதிவு செய்யலாம். அதன் பிறகு சங்கத்தின் பெயரிலேயே பான் எண், வங்கிக் கணக்கு எல்லாம் எடுக்க முடியும். அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம், நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது. மறுபடி தேர்ந்தெடுக்கலாம், தடையில்லை. ஆனால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரையும் கூப்பிட்டு, "இவர்களே இருக்கட்டுமா?" என்று கேட்டாக வேண்டும். கைமாற்றத்தை ஒரு சாவு வீட்டுச் சமாச்சாரம்போல ஆக்காமல் காலண்டரில் இருக்கும் ஒரு வேலையாக ஆக்கிவிடுகிறது அது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். வீதியில் உட்கார்ந்து வரைகிறவர்களின் அர்பன் ஸ்கெட்சர்ஸ் குழுவை சியாட்டில் நகரத்துப் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் காம்பனாரியோ 2007-இல் தொடங்கினார். 2009-லேயே அதை லாப நோக்கில்லாத அமைப்பாகப் பதிவு செய்துவிட்டார்கள். இன்று ஊருக்கு ஊர் கிளைகள், அந்தந்த ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள். நியூயார்க்கில் 2008-இல் டீனா ரோத் ஐசன்பெர்க் தொடங்கிய கிரியேட்டிவ் மார்னிங்ஸ் காலைக் கூட்டங்களும் அப்படித்தான், ஒவ்வொரு நகரத்திலும் அங்குள்ள தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். தொடங்கியவர் எல்லா ஊருக்கும் போய் நாற்காலி போட முடியாது. முடிவையும் அங்கேயே விட்டுத்தான் ஆக வேண்டும்.

உண்மையான சோதனை ஒரு சின்ன விஷயத்தில் வந்தது. எங்கள் கூட்டம் எப்போதும் ஞாயிறு. புதியவர்கள் அதைப் புதன்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றலாமா என்றார்கள். வீடியோ தம்பி காரணம் சொன்னான். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் போட்டோக்காரர், வீடியோக்காரர், மேக்கப் போடுபவர், மேளக்காரர் ஒருவரும் வர முடியாது. சனிக்கிழமை வைத்தால் சாயங்காலம் ரிசப்ஷன். ஆனி, ஆவணி வந்துவிட்டால் குழுவில் கால்வாசிப் பேர் காணாமல் போவதற்கு அதுதான் காரணம். மூத்தவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஞாயிறு என்றால்தான் நிம்மதியாக உட்கார முடியும், வெளியூரில் இருந்து வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்றார்கள். அதுவும் நியாயம்தான். பேச்சு வளர வளர எல்லாரும் அண்ணன் முகத்தையே பார்த்தார்கள்.

"என்னைய ஏம்ப்பா பாக்குறீங்க? ஞாயித்துக்கிழமை வச்சது என் ஸ்டுடியோவுக்கு அன்னைக்கு அரைநாள் லீவு, அதுக்காகத்தான். வேற ஒரு காரணமும் இல்லை. அவங்க மூணு பேர் முடிவு பண்ணட்டும்" என்றார்.

அவருக்கு அது எளிதாக இருந்திருக்காது. புதன்கிழமை ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு அவரால் வர முடியாது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். முடிவு புதன் என்றே ஆனது. வெளியூர்க்காரர்களுக்காக மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு பகல் காந்தி அருங்காட்சியக வளாகத்து மரத்தடியில் உட்கார்ந்து வரைவது என்றும் வைத்தார்கள்.

நுழைவுக்கு ஐம்பது ரூபாய் வாங்கலாம் என்ற அவர்களுடைய யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. சொன்னேன். ஐம்பது ரூபாய் சிலருக்கு ஒன்றுமில்லை, சிலருக்கு அது போக வர பஸ் செலவு. வாசலில் காசு கேட்டால் சிலர் சத்தமில்லாமல் வராமல் நின்றுவிடுவார்கள், ஏன் என்று நமக்குத் தெரியவே தெரியாது. உண்டியலே இருக்கட்டும் என்று இப்போதைக்கு விட்டிருக்கிறார்கள். நாளைக்கு மாற்றினாலும் மாற்றலாம். நான் மறுபடியும் பேசுவேன், ஆனால் முடிவு அவர்களுடையது.

வாட்ஸ்அப் குழு பற்றி ஒரு வார்த்தை. குழுவை உருவாக்கியவரை வேறு எந்த அட்மினும் நீக்க முடியாது. அவராக வெளியேறினால்தான் உண்டு. எனக்கு அது இந்த விஷயத்துக்கென்றே யாரோ எழுதிவைத்த விதிபோலத் தெரிகிறது. திருவிழா முடிந்த வாரம் அண்ணன் மூவரையும் அட்மின் ஆக்கிவிட்டு வெளியேறினார். மறுநாள் அந்தப் பெண் அவரைச் சாதாரண உறுப்பினராகத் திரும்பச் சேர்த்தாள். "இப்பத்தான்மா நானும் உங்கள மாதிரி வந்து வேலை கேக்கலாம்" என்று எழுதினார். அதற்குக் கீழேயே, பழைய பிலிம் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்ய ஆள் வேண்டும் என்று ஒரு செய்தி. இரண்டு பேர் உடனே பதில் போட்டார்கள்.

பழைய உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். புதியவர்கள் செய்வது பிடிக்கவில்லை என்றால் அண்ணனுக்குப் போன் போடாதீர்கள். இந்த மாதம் அவருக்கு அப்படி வந்த அழைப்புகள் கொஞ்சநஞ்சம் இல்லை. குறையை அந்த மூவரிடமே நேராகச் சொல்லுங்கள், கோபமாகச் சொன்னாலும் பரவாயில்லை, கேட்டுக்கொள்வார்கள். கேட்காவிட்டால் பொதுக்குழுவில் எழுந்து கேளுங்கள். பதிவு மனுவில் இதுவரை ஆறு கையெழுத்து விழுந்திருக்கிறது. ஏழாவதை அண்ணனிடம் வாங்குவதா, புதிதாக வந்த ஒருவரிடம் வாங்குவதா என்று மூவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் ஓட்டு புதியவருக்கு.

அடுத்த கூட்டம் புதன் சாயங்காலம், அதே மாடி. சுவர் எழுத்து வகுப்பு. பெயிண்ட் இருக்கும், தட்டைப் பிரஷ் மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.